விரல் நுனியில் ஒரு விளக்கு: பல்ஸ் ஆக்சிமீட்டர் வேலை செய்யும் விதம்

(மூன்றாம் ஆண்டு மாணவி, மின்னணு மற்றும் தொடர்பியல் பிரிவு)



மருத்துவமனையில் டிஜிட்டல் தொழில்நுட்பம் என்றதும் நம்மில் பலருக்கு ஸ்கேன் அறையும், கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் இருக்கும் பெரிய பெரிய இயந்திரங்களும்தான் நினைவுக்கு வரும். சீட்டு போடும் ஜன்னலில் கூட இன்று கம்ப்யூட்டர் உட்கார்ந்திருக்கிறது. ஆனால் நான் எழுத எடுத்துக்கொண்டது துணி காயப்போடும் கிளிப்பைவிடக் கொஞ்சம் பெரிதான ஒரு பொருளை. விரலில் மாட்டினால் இரண்டு எண் காட்டுமே, அந்த பல்ஸ் ஆக்சிமீட்டர்தான். கொரோனா காலத்தில் அதைப் பார்க்காதவர் யாரும் இருக்க முடியாது. அதன் உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்டால் எத்தனை பேர் சொல்வோம்? நானும் மூன்றாவது செமஸ்டர் வரை சொல்லத் தெரியாதவள்தான். இத்தனைக்கும் அதற்குள் இருப்பது நாம் லேபில் தினமும் தொட்டு விளையாடும் எல்.இ.டி., போட்டோ டையோடு, ஆம்ப்ளிஃபயர், ஏ.டி.சி. இவைதான்.

இந்தத் தலைப்பை நான் எடுத்ததற்கு ஒரு காரணம் உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2021 மே மாதம் எங்கள் அப்பாவுக்குக் கொரோனா வந்தது. பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்த நேரம். அப்பா கொத்து வேலைக்குப் போகிறவர். காய்ச்சல் லேசாக இருந்ததால் வீட்டிலேயே ஒதுங்கி இருக்கச் சொன்னார்கள். பக்கத்துத் தெருவில் ஒருவரிடம் ஆக்சிமீட்டர் இரவல் வாங்கி வந்தோம். எங்கள் வீட்டில் படித்தது நான் ஒருத்திதான் என்பதால் கருவி என் பொறுப்பாகிவிட்டது. நாலு மணிக்கு ஒரு தடவை அப்பா விரலில் மாட்டி, மேலே இருக்கும் எண்ணையும் கீழே இருக்கும் எண்ணையும் ரஃப் நோட்டில் எழுதுவேன். 95, 94, 95, 95. தொண்ணூற்று நாலுக்குக் கீழே போனால்தான் பயம் என்று சொல்லியிருந்தார்கள். அதனால் அம்மா கேட்கும்போதெல்லாம், "நல்லா இருக்கும்மா, நம்பர் இறங்கல" என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஐந்தாம் நாள் காலையில் கிராமத்து நர்சம்மா வந்தார். நோட்டை வாங்கிப் பார்த்தார். பிறகு நோட்டை மூடி வைத்துவிட்டு, அப்பாவின் நெஞ்சையே பார்த்தபடி கைக்கடிகாரத்தை வைத்து ஒரு நிமிஷம் எண்ணினார். "முப்பத்திரண்டு. ஏம்மா, நம்பர் கிடக்கட்டும், மூச்ச எண்ணிப் பாத்தியா?" என்றார். எனக்கு அப்படி எண்ணவேண்டும் என்றே தெரியாது. உடனே 108-க்கு போன் போட்டார். மருத்துவமனையில் மணிக்கட்டு ரத்தக்குழாயில் ரத்தம் எடுத்துச் சோதித்தபோது ஆக்சிஜன் செறிவு 85 சதவீதம் என்று வந்தது. என் நோட்டில் அன்று காலை எழுதியிருந்தது 94.

அப்பா பதினோரு நாள் ஆக்சிஜனில் இருந்து பிழைத்து வந்தார். யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் நான்தான் ஏதோ தப்பாக மாட்டிவிட்டேன், தப்பாக எழுதிவிட்டேன் என்ற எண்ணம் ரொம்ப நாள் என்னை விடவில்லை. எலக்ட்ரானிக்ஸ் பாடத்தை நான் தேர்ந்தெடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று சொன்னால் மிகையாகாது. சரி, பாடத்துக்கு வருவோம்.

சிவப்பும் அகச்சிவப்பும்

நம் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமந்து செல்வது ஹீமோகுளோபின். ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபின் பளிச்சென்ற சிவப்பு. ஆக்சிஜனை இறக்கிவிட்ட ஹீமோகுளோபின் கருஞ்சிவப்பு. அதாவது கருஞ்சிவப்பு ரத்தம் சிவப்பு ஒளியை அதிகமாக விழுங்குகிறது. 660 நானோமீட்டர் அலைநீளத்தில் பார்த்தால், ஆக்சிஜன் இல்லாத ஹீமோகுளோபின் ஆக்சிஜன் உள்ளதைவிடச் சுமார் பத்து மடங்கு ஒளியை விழுங்கும். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பில், 940 நானோமீட்டரில், கதை தலைகீழ். அங்கே ஆக்சிஜன் ஏறியதுதான் சற்று அதிகம் விழுங்கும். ஆகவே இரண்டு ஒளியையும் விரலுக்குள் செலுத்தி, மறுபக்கம் எவ்வளவு வருகிறது என்று பார்த்தால், எந்த ஹீமோகுளோபின் எவ்வளவு என்று கணக்கிடலாம்.

ஆனால் ஒரு சிக்கல். விரலில் ரத்தம் மட்டுமா இருக்கிறது? தோல், சதை, எலும்பு, நகம், இதயத்துக்குத் திரும்பும் சிரை ரத்தம் எல்லாமே ஒளியை விழுங்கும். அதில் தமனி ரத்தத்தை மட்டும் எப்படிப் பிரிப்பது?

இதற்கு விடை கண்டவர் ஜப்பானைச் சேர்ந்த பொறியாளர் டகுவோ அவோயாகி. நிஹோன் கோடன் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். உண்மையில் அவர் ஆக்சிஜனை அளக்கப் புறப்படவே இல்லை. ரத்தத்தில் ஒரு சாயத்தைச் செலுத்தி, அது காதில் நீர்த்துப்போகும் வேகத்தை ஒளியால் அளந்து, இதயம் எவ்வளவு ரத்தம் தள்ளுகிறது என்று கண்டுபிடிக்க முயன்றார். ஒவ்வொரு நாடித் துடிப்புக்கும் அவர் வரைபடத்தில் ஒரு குலுக்கல் விழுந்து தொல்லை கொடுத்தது. நம் பாஷையில் சொன்னால் நாய்ஸ். இரண்டு அலைநீளங்களின் விகிதத்தை எடுத்து அந்த நாய்ஸைக் கழித்துவிடப் பார்த்தார். கழிந்தது. ஆனால் ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்தபோது மட்டும் சரியாகக் கழியவில்லை! அப்போதுதான் அவருக்குப் பொறி தட்டியது. துடிப்போடு சேர்ந்து மாறுவது தமனி ரத்தம் மட்டுமே. தோலும் எலும்பும் துடிப்பதில்லை. அப்படியானால் தொல்லை என்று தள்ளியதுதான் வேண்டிய சிக்னல். 1974 மார்ச் மாதம் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். அதே ஆண்டு ஏப்ரலில் மினோல்டா என்ற கேமரா நிறுவனமும் அதே யோசனையோடு விண்ணப்பித்தது என்பது வேடிக்கை. 1975-இல் வந்த முதல் கருவி காதில் மாட்டுவது. 1983-இல் அமெரிக்காவில் நெல்கோர் நிறுவனம் கொண்டுவந்த கருவி, ஆக்சிஜன் குறையக் குறைய 'பீப்' சத்தத்தின் சுருதியும் இறங்கும்படி அமைக்கப்பட்டது. திரையைத் திரும்பிப் பார்க்காமலே மயக்க மருந்து கொடுக்கும் டாக்டருக்குக் காதில் விஷயம் போய்விடும். எனக்கு இந்தக் கருவிகளின் வரலாற்றிலேயே மிகவும் பிடித்தது இந்தச் சுருதி விஷயம்தான்.

அவோயாகி 2020 ஏப்ரலில் தமது 84-ஆம் வயதில் காலமானார். உலகமே அவர் கருவியைக் கடை கடையாகத் தேடிய நாட்கள் அவை.

ஐந்து மில்லிவோல்ட் கணக்கு

இனி நம் சர்க்யூட். ஒரு பக்கம் சிவப்பு எல்.இ.டி.யும் அகச்சிவப்பு எல்.இ.டி.யும். மறுபக்கம் ஒரே ஒரு போட்டோ டையோடு. ஒரே டையோடு இரண்டு ஒளியையும் எப்படிப் பிரித்தறியும்? பிரித்தறியாது. அதனால்தான் மாறி மாறி எரிய விடுகிறார்கள். முதலில் சிவப்பு, அடுத்து அகச்சிவப்பு, அடுத்து இரண்டும் அணைப்பு. வினாடிக்குப் பல நூறு தடவை இது நடக்கிறது. நாம் படித்த டைம் டிவிஷன் மல்டிபிளெக்சிங்தான், வேறொன்றுமில்லை. இரண்டும் அணைந்திருக்கும்போது வருவது வெளி வெளிச்சம். அதை மற்ற இரண்டிலிருந்தும் கழித்துவிடலாம். டியூப்லைட் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் வினாடிக்கு 100 தடவை மினுங்குகிறது என்பதையும் கணக்கில் கொள்ளவேண்டும்.

டையோடில் வரும் மிகச்சிறிய மின்னோட்டத்தை ஆப்-ஆம்ப் மின்னழுத்தமாக மாற்றுகிறது. அந்தச் சிக்னலில் இரண்டு பகுதி. மாறாத டி.சி. பகுதி, துடிப்போடு ஏறி இறங்கும் ஏ.சி. பகுதி. ஏ.சி. என்பது டி.சி.யில் நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான். ஒவ்வொரு நிறத்திலும் ஏ.சி.யை டி.சி.யால் வகுக்கிறோம். பிறகு சிவப்பில் வந்த விடையை அகச்சிவப்பில் வந்த விடையால் வகுத்தால் கிடைப்பது 'ஆர்' என்ற விகிதம். பாடப்புத்தகங்களில் தோராயமாகக் கொடுக்கும் சூத்திரம்: ஆக்சிஜன் செறிவு = 110 - (25 × ஆர்).

போட்டுப் பார்ப்போம். இரண்டு நிறத்திலும் டி.சி. 2000 மில்லிவோல்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். அகச்சிவப்பில் ஏ.சி. 24 மில்லிவோல்ட், சிவப்பில் 12 என்றால் ஆர் 0.5. செறிவு 97.5. நல்ல ஆரோக்கியம். சிவப்பிலும் 24 ஆகிவிட்டால் ஆர் 1. செறிவு 85. ஆளைப் படுக்கையில் போடவேண்டிய நிலை.

இப்போது இன்னும் கூர்ந்து பாருங்கள். 95 காட்ட சிவப்பில் ஏ.சி. 14.4 மில்லிவோல்ட் வேண்டும். 90 காட்ட 19.2. வித்தியாசம் 4.8 மில்லிவோல்ட், அதுவும் 2000 மில்லிவோல்ட் மேல் உட்கார்ந்துகொண்டு! நம் லேபில் உள்ள அர்டுயினோ போர்டின் ஏ.டி.சி. 10 பிட். 5 வோல்ட்டை 1024-ஆல் வகுத்தால் ஒரு படி 4.88 மில்லிவோல்ட். அதாவது "வீட்டில் இருக்கலாம்" என்பதற்கும் "ஆம்புலன்ஸ் கூப்பிடு" என்பதற்கும் இடையே அந்த ஏ.டி.சி.க்கு ஒரே ஒரு படிதான். ரெசல்யூஷன் என்றால் என்ன என்று இரண்டு மார்க் கேள்விக்கு எழுதியிருக்கிறோமே, அதன் பொருள் எனக்கு உறைத்தது இந்தக் கணக்கைப் போட்ட அன்றுதான். மேக்ஸ் 30102 என்ற சிப்பில் 18 பிட் ஏ.டி.சி. இருப்பது ஏன் என்று இப்போது புரிகிறதல்லவா?

இன்னொன்றையும் கவனியுங்கள். கை நடுங்கினாலோ, விரல் குளிர்ந்து ரத்த ஓட்டம் குறைந்தாலோ, இரண்டு நிறத்திலும் ஒரே அளவு நாய்ஸ் புகுந்து ஆர் 1-ஐ நோக்கி ஓடும். கருவி 85 பக்கம் இழுக்கும். ஆகவே திரையில் 85 என்று நின்றால் அது நோயாளியாகவும் இருக்கலாம், வெறும் நாய்ஸாகவும் இருக்கலாம். பெரிய மானிட்டரில் எண்ணோடு அலை வடிவத்தையும் காட்டுவது அதனால்தான். அலை ஒழுங்காக இல்லையென்றால் எண்ணை நம்பக்கூடாது.

வார்டில் இதன் உபயோகம்

ஆபரேஷன் தியேட்டரில் இது இல்லாமல் மயக்க மருந்து கொடுப்பதில்லை என்பதே ஒழுங்கு. உலக சுகாதார நிறுவனம் 2008-இல் வெளியிட்ட அறுவை சிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியலில், நோயாளிக்கு ஆக்சிமீட்டர் மாட்டப்பட்டு வேலை செய்கிறதா என்பது ஒரு கேள்வி. முன்பெல்லாம் உதடும் நகமும் நீலம் பாரித்தால்தான் ஆக்சிஜன் குறைந்தது தெரியும். அது கண்ணுக்குத் தெரிவதற்குள் நிலைமை முற்றியிருக்கும். 90 சதவீதத்துக்குக் கீழே போனால் ரத்தத்தில் ஆக்சிஜன் மளமளவென்று சரியும், மலைச்சரிவில் கால் வைத்தது போல. எனவே சரிவுக்கு முன்பே அலாரம் அடிக்க வேண்டும்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒவ்வொரு கட்டிலின் மானிட்டரும் நெட்வொர்க் வழியே சிஸ்டர் உட்காரும் இடத்தில் உள்ள ஒரே திரைக்கு இணைக்கப்பட்டிருக்கும். குறைமாதக் குழந்தைகளுக்கு இது இரண்டு பக்கமும் காவல். ஆக்சிஜன் குறைந்தால் உயிருக்கு ஆபத்து, கூடினால் கண்ணின் விழித்திரைக்கு ஆபத்து. அதனால் அவர்களுக்கு மேல் எல்லைக்கும் அலாரம் வைக்கிறார்கள். பிறந்த குழந்தையின் வலது கையிலும் ஒரு காலிலும் அளந்து பார்த்து, இதயக் கோளாறு இருக்கிறதா என்று சந்தேகம் கொள்ளும் முறையும் உண்டு. காலில் செறிவு குறைவாக வந்தால் மேற்கொண்டு சோதிப்பார்கள். ஊசி இல்லை, ரத்தம் இல்லை, ஒரு சொட்டு அழுகை கூட இல்லை.

எண் பொய் சொல்லும் இடங்கள்

இனிதான் நான் எழுத வந்த விஷயமே.

மேலே சொன்ன 110 - 25 ஆர் என்ற சூத்திரம் வெறும் கொள்கையிலிருந்து வந்ததல்ல. ஆரோக்கியமான தன்னார்வலர்களை, ஆக்சிஜன் குறைத்த காற்றைச் சுவாசிக்க வைத்து, செறிவை 70 சதவீதம் வரை இறக்கி, ஒவ்வொரு படியிலும் தமனி ரத்தம் எடுத்துச் சோதித்து, ஆர் இவ்வளவு என்றால் செறிவு இவ்வளவு என்று ஒரு அட்டவணை தயாரிக்கிறார்கள். கருவிக்குள் இருப்பது அந்த அட்டவணைதான். ஆகவே, அளக்கப்பட்ட அந்த ஆட்கள் யார் என்பது முக்கியம். அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2013-இல் கொடுத்த வழிகாட்டுதலில் குறைந்தது பத்து பேர் போதும், அதில் கறுத்த தோல் உள்ளவர்கள் இரண்டு பேர் அல்லது 15 சதவீதம், இதில் எது அதிகமோ அது இருக்கவேண்டும் என்றுதான் இருந்தது. பத்துக்கு இரண்டு!

தோலின் நிறமி மெலனின் சிவப்பு ஒளியை விழுங்கும். அது துடிக்காத பொருள், எனவே டி.சி.யால் வகுக்கும்போது கழிந்துவிட வேண்டும் என்பது கொள்கை. நடைமுறையில் முழுவதும் கழிவதில்லை. 1990-லேயே அமெரிக்காவில் ஒரு ஆய்வு, கறுப்பின நோயாளிகளிடம் கருவி உள்ளதைவிட அதிகமாகக் காட்டுகிறது என்று கண்டது. பிறகு முப்பது வருஷம் அந்த விஷயம் பெரிதாகப் பேசப்படவில்லை. 2020 டிசம்பரில் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். கருவி 92 முதல் 96 வரை காட்டிய நோயாளிகளின் தமனி ரத்தத்தைப் பார்த்தபோது, உண்மையில் 88-க்குக் கீழே இருந்தது வெள்ளையரில் 3.6 சதவீதம், கறுப்பினத்தவரில் 11.7 சதவீதம். மூன்று மடங்குக்கும் மேல். 2025 ஜனவரியில் எஃப்.டி.ஏ. வெளியிட்ட வரைவு வழிகாட்டுதல், சோதனைக்கு 150 பேர் அளவுக்கு வேண்டும் என்றும், பலவகைத் தோல் நிறமும் இருக்கவேண்டும் என்றும் சொல்கிறது.

இதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்கள் அப்பா நல்ல கறுப்பு. வெயிலில் நிற்கும் உடம்பு.

ஆனாலும் அதுதான் காரணம் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். சிமெண்ட் தின்று தடித்துப்போன விரல், காய்ச்சலில் சில்லிட்ட கை, எங்கே தயாரானது என்றே தெரியாத இரவல் கருவி, இவையும் இருந்தன. மேலும் நல்ல கருவியிலேயே பிழை உண்டு. அட்டையில் ±2 சதவீதம் என்று போட்டிருந்தால் எல்லா அளவும் அதற்குள் இருக்கும் என்று அர்த்தமில்லை. நூற்றுக்கு அறுபத்தெட்டு அளவுகள் அதற்குள் இருக்கும், மீதி வெளியே போகலாம் என்றுதான் அர்த்தம். ஸ்டாண்டர்ட் டீவியேஷன் பாடத்தை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். இதுதவிர, மூடிய அறையில் கரி அடுப்புப் புகையை மூச்சில் இழுத்தவரிடம் கருவி நல்ல எண்ணையே காட்டும். கார்பன் மோனாக்சைடு ஏறிய ஹீமோகுளோபின் இந்தச் சிவப்பு ஒளிக்கு ஆக்சிஜன் ஏறியது போலவே தெரியும். ரத்தசோகை உள்ளவருக்கும் 98 காட்டலாம். லாரி எல்லாம் நிரம்பித்தான் ஓடுகிறது, ஆனால் ஓடுவதே பாதி லாரிதான் என்பது அதற்குத் தெரியாது.

நர்சம்மா செய்தது என்ன என்று பின்னால்தான் புரிந்தது. அன்றைய அரசு வழிகாட்டுதலில் ஆக்சிஜன் அளவோடு மூச்சின் எண்ணிக்கையும் இருந்தது. நிமிடத்துக்கு 24-ஐத் தொட்டாலே வீட்டில் வைத்திருக்கக் கூடாது, முப்பதைத் தாண்டினால் தீவிர நிலை. அப்பாவுக்கு 32. அதற்கு பேட்டரி கூட வேண்டாம், ஒரு கைக்கடிகாரம் போதும்.

எங்கள் லேப் வேலை

மேக்ஸ் 30102 மாட்யூலை வைத்து நாங்கள் நாலு பேர் ஒரு ஆக்சிமீட்டர் செய்தோம். அது விரலின் மறுபக்கம் வரும் ஒளியை அல்ல, திரும்பி வரும் ஒளியை அளப்பது. அதன் அகச்சிவப்பு 940 அல்ல, 880 நானோமீட்டர். ஆகவே பாடப்புத்தகச் சூத்திரம் அப்படியே பொருந்தாது. எங்கள் எண்ணை வைத்து யாரும் வைத்தியம் பார்க்க வேண்டாம்! ஆனால் சிக்னலைப் பார்க்க அருமையான கருவி. வகுப்பில் பன்னிரண்டு பேர் விரலை வைத்துப் பார்த்தோம். ஒரே எல்.இ.டி. மின்னோட்டத்தில் கறுத்த விரல்களில் திரும்பி வரும் சிவப்பு ஒளி குறைவாகவே இருந்தது. மின்னோட்டத்தைக் கூட்டினால்தான் அலை தெளிவாக வந்தது. தமனி ரத்தம் எடுத்து ஒப்பிட எங்களால் முடியாது என்பதால், எண் எவ்வளவு தப்பு என்று சொல்லும் தகுதி எங்களுக்கு இல்லை. ஐஸ் தண்ணீரில் இரண்டு நிமிஷம் முக்கிய விரலில் அலையே காணாமல் போனதையும் பார்த்தோம்.

இப்போது இறுதியாண்டு பிராஜெக்டாக அதே சிக்னலிலிருந்து மூச்சையும் எண்ணப் பார்க்கிறோம். மூச்சை இழுத்து விடும்போது டி.சி. மட்டம் மெதுவாக ஏறி இறங்குகிறது. நிமிடத்துக்கு 12 முதல் 40 மூச்சு என்றால் 0.2 முதல் 0.67 ஹெர்ட்ஸ். அந்தப் பட்டைக்கு ஒரு டிஜிட்டல் ஃபில்டர் போட்டு உச்சங்களை எண்ணுகிறோம். அசையாமல் உட்கார்ந்தால் கையால் எண்ணியதற்கு ஒன்றிரண்டு வித்தியாசத்தில் வருகிறது. பேசினால் கெட்டுப்போகிறது. சிரித்தால் சுத்தமாகக் கெட்டுப்போகிறது. விடுமுறையில் வீட்டுக்கு எடுத்துப்போய் அப்பா விரலில் வைத்தேன். பதினாறு என்று காட்டியது. நான் கடிகாரத்தைப் பார்த்து எண்ணியது பதினேழு.

"எது பாப்பா சரி?" என்று கேட்டார். "நான் எண்ணுனதுதாம்ப்பா" என்றேன்.

பேச்சினால் வரும் குலுக்கலை எப்படிக் கழிப்பது என்று தெரிந்த இளநிலை மாணவர்கள் யாராவது இருந்தால் வாருங்கள். மாட்யூல் மின்னணுவியல் லேபின் இரண்டாவது அலமாரியில், நீல டப்பாவில் இருக்கிறது. சாவி லேப் உதவியாளர் அண்ணனிடம். ஜம்பர் வயர் மட்டும் நீங்களே கொண்டு வரவேண்டும், எங்களுடையது எல்லாம் அறுந்துவிட்டது.